மானிட்டர் வாங்கப் போகிற மகளுக்கு

கள்ளக்குறிச்சி

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய மூன்று மானிட்டர் படங்களையும் பார்த்தேன். மூன்றிலும் 'ஃபுல் ஹெச்டி சப்போர்ட்' என்று போட்டிருக்கிறதே, அப்புறம் விலை மட்டும் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டால் நீ இருக்கும் வெள்ளிமலையில் டவர் எடுத்தால்தானே. பாதிப் பேச்சில் அறுந்துபோகிறது. இது போனில் பேசித் தீர்கிற சமாச்சாரமும் இல்லை. கல்யாண வீடியோ எடுத்து, மிக்ஸிங் போட்டே பிழைத்தவன் நான். எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன். கீழே இறங்கி வரும்போது பஸ்ஸில் படித்துக்கொண்டு வா.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். 22 அல்லது 24 இன்ச் திரை. நேட்டிவ் ரெசல்யூஷன் 1920 × 1080. ஐபிஎஸ் பேனல். ஹெச்டிஎம்ஐ துளை. இவை இருந்தால் கம்பெனி எதுவானாலும் வாங்கலாம். இன்றைக்கு ஏறக்குறைய 7,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய்க்குள் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட மானிட்டருக்குப் போடாதே. மிச்சப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

நீ அனுப்பிய படங்களில் விலை குறைவான அந்தப் பதினெட்டரை இன்ச் மானிட்டரைப் பற்றிக் கடையில் இருக்கிற பையன் சொன்னது பொய் இல்லை. அது ஃபுல் ஹெச்டி வீடியோவை வாங்கிக்கொள்ளும். ஆனால் அப்படியே காட்டாது. அந்தத் திரையில் இருப்பது குறுக்கே 1366 புள்ளிகள், நெடுக்கே 768 புள்ளிகள். மொத்தம் சுமார் பத்தரை லட்சம். ஃபுல் ஹெச்டி வீடியோவின் ஒரு படத்திலோ 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உண்டு. அத்தனையும் கேபிள் வழியாக வரும், மானிட்டருக்குள் இருக்கும் சில்லு அதைச் சுருக்கிப் பாதியாக்கித் திரையில் போடும். எத்தனை மூட்டை நெல்லைக் கொட்டினாலும் மரக்கால் தன் அளவுக்குத்தான் கொள்ளும், மிச்சம் தரையில்தான் சிந்தும். ஆகவே அட்டைப் பெட்டியில் 'சப்போர்ட்' என்று எழுதியிருப்பதைப் பார்க்காதே. 'நேட்டிவ்' என்று எழுதியிருக்கும் எண்ணைப் பார். 20 இன்ச்சை ஒட்டி வரும் சில மானிட்டர்களில் 1600 × 900 என்று இருக்கும். அதுவும் ஃபுல் ஹெச்டி ஆகாது.

கடையிலேயே இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அக்காவின் லேப்டாப்பைக் கையோடு கொண்டு வா. கேபிளைச் செருகியதுமே மானிட்டர் தன் அளவு என்ன, எந்த எண்ணில் ஓடினால் நல்லது என்பதைக் கணினிக்குச் சொல்லிவிடும். அந்தத் தகவலுக்கு ஈடிஐடி என்று பெயர். விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குப் போய் ரெசல்யூஷன் பட்டியலைத் திறந்தால், ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் 'ரெக்கமெண்டட்' என்று இருக்கும். பெயருள்ள கம்பெனி மானிட்டர் என்றால் அதுதான் அதன் உண்மையான அளவு. விற்கிறவர் வாயைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

உங்கள் வீட்டு மூலையில் துணி போட்டு மூடி வைத்திருக்கும் அந்த 14 இன்ச் டிவியை நினைத்துப் பார். 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய இலவச கலர் டிவித் திட்டத்தில் வந்தது. அன்றைக்கு நம் நாட்டு ஒளிபரப்பில் கண்ணுக்குத் தெரிகிற கோடுகள் 576தான். நான் அந்தக் காலத்தில் எடுத்த கல்யாண டிவிடிக்களும் அதே அளவுதான், ஒரு படத்துக்கு நான்கு லட்சம் புள்ளிகளைக் கொஞ்சம் தாண்டும். பட்டுப் புடவையின் ஜரிகைக் கரை நகர்ந்தால் போதும், அந்த இடம் முழுக்கப் பொடிப்பொடியாக நெளியும். மணப்பெண் வீட்டார் கேமரா சரியில்லை என்பார்கள். ஜரிகை இழையைப் பிடிக்கிற அளவுக்கு அந்த வீடியோவில் புள்ளிகளே கிடையாது என்பதை நான் யாருக்கு விளக்க? பிறகு 2011இல், அதே செப்டம்பர் 15இல், இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. பிற்பாடு அக்காவுக்குக் கிடைத்ததும் 14 இன்ச்தான். அதன் திரை 1366 × 768. நீ இத்தனை நாள் அதில் பார்த்துத்தான் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாய். நீ போனில் எடுப்பது ஃபுல் ஹெச்டி. நீ எடுத்த படத்தில் பாதியை நீயே இன்னும் பார்க்கவில்லை.

ஹெச்டிக்கு உலகம் முழுவதும் ஒரே வண்ண அளவுகோல் வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1990இல் ஒரு தரத்தை வகுத்தது. ரெக் 709 என்பார்கள். நம் நாட்டில் தூர்தர்ஷன் ஹெச்டியில் ஒளிபரப்பியது 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியின்போது. நம் கைப்போனுக்கு ஹெச்டி வந்து சேர இன்னும் சில வருஷம் ஆனது. இன்றைக்கு நீ யூடியூபில் ஏற்றுகிற சாதாரண வீடியோவும் அந்த 709 அளவுகோலுக்குள்தான் வரும். கணினி மானிட்டர்காரர்கள் சொல்லும் எஸ்ஆர்ஜிபி என்பதும் அதே வண்ண எல்லைதான். பெட்டியில் 'எஸ்ஆர்ஜிபி 99 சதவீதம்' என்று இருந்தால் நல்லது. '72 சதவீதம் என்டிஎஸ்சி' என்று இருந்தாலும் கிட்டத்தட்ட அதே கதைதான். '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று இருந்தால் வேண்டாம். மலிவு லேப்டாப் திரைகள் பலவும் அந்த ரகம். அதில் குங்குமம் செங்கல் நிறத்தில்தான் தெரியும்.

நிறத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

கடையில் பத்து மானிட்டரை வரிசையாக வைத்து ஒரே வீடியோவை ஓடவிட்டிருப்பார்கள். கிளி, பழம், கடல் என்று ஏதாவது ஓடும். அதிகம் பளிச்சிடுகிற திரை நம் கண்ணை இழுக்கும். அந்தத் திரையை வெளிச்சத்தையும் நிறத்தையும் ஏற்றி, கொஞ்சம் நீலம் கலந்து வைத்திருப்பார்கள். படம் பார்க்க வாங்குகிறவருக்கு அது பிடித்திருக்கலாம். நீ வாங்குவது படத்தைத் திருத்துவதற்கு. நீலம் ஏறிய திரையில் நம் ஊர் மாநிறம் சாம்பல் பூத்துத் தெரியும். உடனே நீ மஞ்சளைக் கூட்டுவாய். உன் திரையில் சரியாகிவிடும், ஊரார் போனில் முகமெல்லாம் மஞ்சளாக வந்து நிற்கும். அதனால் வீட்டுக்குப் போனதும் மானிட்டர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோட் இருக்கிறதா என்று பார். இருந்தால் அதில் வை. இல்லையென்றால் கலர் டெம்பரேச்சரை 6500 கெல்வினில் வைத்துவிட்டு 'டைனமிக் கான்ட்ராஸ்ட்', 'விவிட்' போன்ற எல்லாவற்றையும் அணைத்துவிடு. முதல் இரண்டு நாள் திரை மங்கலாக, பழுப்பாகத் தெரியும். பொறுத்துக்கொள், கண் பழகிவிடும்.

புகைப்படத் தொழிலில் ஒரு பழைய கதை உண்டு. கோடாக் கம்பெனி, பிரிண்ட் போடும் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டை அனுப்பும். வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படம் அதில் இருக்கும். ஷெர்லி கார்டு என்று அதற்குப் பெயர். அவர் முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. பல வருஷம் உலகம் பூராவும் அப்படித்தான் பிரிண்ட் போட்டார்கள். நம் தொழிலிலும் அந்த நோய் போகவில்லை. 'பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுங்க' என்று கேட்காத கல்யாண வீடு அபூர்வம், ஒரு ஸ்லைடரை இழுத்து வெளுத்துக் கொடுக்காத மிக்ஸிங் கடையும் அபூர்வம். நீ அதைச் செய்யாதே. நீ எடுக்கப் போவது மரவள்ளி பிடுங்குகிற, சாமை அறுக்கிற, கடுக்காய் பொறுக்குகிற நம் சனங்களின் முகம். கல்வராயன்மலை 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில் இருந்தது உனக்குத் தெரியும். அவர்களுக்குக் கூலி இல்லாமல் உழைத்த நாட்களைக் கண்ணால் பார்த்த தாத்தா பாட்டிகள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதைத்தான் பதிவு செய்யப் போகிறேன் என்று சொன்னாய். அந்தத் தோலின் நிறமும் சுருக்கமும் வெயில் பட்ட தடமும் எப்படி இருக்கிறதோ அப்படியே வர வேண்டும். அதற்கு உன் மேசையில் இருக்கும் திரை முதலில் உண்மை சொல்ல வேண்டும். ஐபிஎஸ் பேனல்தான் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நிற்பது இதற்காகத்தான்.

பேனல் வகைகளைக் கண்டுபிடிப்பது கடினம் இல்லை. டிஎன் பேனல் என்றால் நேரே உட்கார்ந்து பார்க்க நன்றாக இருக்கும். குனிந்து கீழிருந்து நிமிர்ந்து பார்த்தால் வெளிச்சமான இடம் இருட்டாகி, முகம் பழைய நெகட்டிவ் பிலிம் மாதிரி புரண்டுவிடும். விஏ பேனலில் கறுப்பு நன்றாகக் கறுப்பாக வரும். 3000க்கு 1 என்று கான்ட்ராஸ்ட் போட்டிருப்பார்கள். படம் பார்க்க அருமை. ஆனால் இருட்டான காட்சியில் ஏதாவது வேகமாக நகர்ந்தால் பின்னால் இழுபடும், பக்கவாட்டில் பார்த்தால் நிறம் கொஞ்சம் வெளுக்கும். ஐபிஎஸ்ஸில் கான்ட்ராஸ்ட் பெரும்பாலும் 1000க்கு 1தான். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் மூலையில் சாம்பல் வெளிச்சம் கசிவது தெரியும். அது அதன் குணம். ஆனால் எந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாலும் நிறம் மாறாது. நீயும் உன் தோழியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே நிறம்தான் தெரியும்.

கடையில் இன்னொரு சோதனையும் செய். வெள்ளிமலையில் விடிகாலை எடுத்த பனிமூட்டக் காட்சி ஒன்றை, எடுத்த போனிலிருந்து அப்படியே பென்டிரைவில் போட்டுக் கொண்டு வா. வாட்ஸ்அப்பில் அனுப்பியது உதவாது, அது அமுக்கிவிடும். பனி மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே போகிற இடத்தை உற்றுப் பார். வழுவழுப்பாகப் போக வேண்டும். அங்கங்கே பட்டை பட்டையாகப் படிக்கட்டு விழுந்தால் சந்தேகப்படு. நல்ல பேனல் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் காட்டும், மூன்று நிறமும் சேர்ந்து 1 கோடியே 67 லட்சம் சாயல். மட்டமான பேனலுக்கு ஒரு நிறத்துக்கு 64 படிதான், மிச்சத்தை மினுக்கி மினுக்கிச் சமாளிக்கும். அதே வீடியோவைப் போனிலும் ஓட்டிப் பார். போனிலும் பட்டை தெரிந்தால் கேமராவின் குறை, மானிட்டர் மேல் பழி போடாதே.

24 இன்ச்சுக்கு மேல் போகாதே என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அதே 1920 × 1080 புள்ளிகளை 27 இன்ச்சில் விரித்தால் ஒவ்வொரு புள்ளியும் 0.31 மில்லிமீட்டர் ஆகிவிடும். 24 இன்ச்சில் 0.28, 22 இன்ச் என்று விற்கிற இருபத்தொன்றரையில் 0.25. நல்ல கண் பார்வை உள்ளவருக்கு 24 இன்ச் திரையில் புள்ளி தனித்தனியாகத் தெரியாமல் கலந்துபோக சுமார் 95 சென்டிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும். மேசை போட்டு வேலை செய்கிறவர் 60, 70 சென்டிமீட்டரில்தான் உட்காருவார். அதனால் சின்னத் திரையே கூர்மையாகத் தெரியும். உன் மேசை சிறியது, 22 போதும் என்றே நினைக்கிறேன். ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து சிறிய எழுத்தில் வைத்து ண, ன இரண்டையும் பார். மூன்று சுழியும் இரண்டு சுழியும் கண்ணைச் சுருக்காமல் பிரிந்து தெரிந்தால் அந்தத் திரை உனக்குச் சரி. சப்டைட்டில் போடும்போது இதன் அருமை தெரியும்.

அப்பா 32 இன்ச் டிவியே வாங்கிவிடலாம், வீட்டுக்கும் ஆகும் என்கிறாராமே. அவரிடம் நான் பேசுகிறேன். அந்த விலையில் வரும் 32 இன்ச் டிவிகளில் பெரும்பாலானவை 'ஹெச்டி ரெடி', அதாவது மறுபடியும் அதே 1366 × 768. லேப்டாப்பில் இருக்கிற புள்ளிகளையே இழுத்து விரித்ததுதான். எட்டடி தள்ளி உட்கார்ந்து சீரியல் பார்க்கச் சரி. மேசையில் வைத்தால் கொசுவலை வழியாகப் பார்க்கிற கதைதான். போதாக்குறைக்கு, பல டிவிகள் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டுக் காட்டும். நீ ஓரத்தில் என்ன வைத்தாய் என்பதே உனக்குத் தெரியாது.

4கே வேண்டாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். போனில் 4கேயும் எடுக்க முடிகிறதே என்ற ஆசை நியாயம்தான். 4கே என்றால் ஒரு படத்துக்கு 82 லட்சத்து 94 ஆயிரத்து 400 புள்ளிகள், ஃபுல் ஹெச்டியைப் போல நான்கு மடங்கு. அக்காவின் லேப்டாப் அதை இழுக்காது. திக்கித் திக்கி ஓடும், உனக்கு எரிச்சல்தான் மிஞ்சும். மலையில் நெட் இருக்கிற லட்சணத்தையும் யோசி. ஃபுல் ஹெச்டி படம் தடங்கல் இல்லாமல் ஓட நொடிக்கு 5 மெகாபிட் வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு இரண்டேகால் ஜிபி. தினம் 2 ஜிபி ரீசார்ஜ் அதிலேயே தீர்ந்துவிடும். 4கே என்றால் நொடிக்கு 15 மெகாபிட். அங்கே அது எப்போது வந்தது? 4கேயில் எடுப்பதானால் எடு, ஃபுல் ஹெச்டியில் எடிட் செய். தேவையான இடத்தில் உள்ளே இழுத்துக் காட்டினாலும் படம் உடையாது. அதுதான் இப்போதைக்கு 4கேயால் உனக்கு வரும் லாபம். ஹெச்டிஆர் என்று பெட்டியில் எழுதியிருப்பதையும் கண்டுகொள்ளாதே. இந்த விலை மானிட்டரின் வெளிச்சம் 250, 300 நிட்ஸ்தான். அந்த வெளிச்சத்தில் ஹெச்டிஆர் பேருக்குத்தான்.

100 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ் என்று சொல்வார்கள். இருந்தால் இருக்கட்டும், 60 போதும். உன் போன் நொடிக்கு 30 படம் எடுக்கிறது, 60இல் அது சமமாக விழும். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த காட்சி மினுமினுத்தால் மானிட்டரைச் சந்தேகப்படாதே. நம் நாட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், போனில் ஷட்டரை 50இல் ஒன்றாக வைத்து எடுத்தால் அது அடங்கிவிடும்.

ஹெச்டிஎம்ஐ துளை மேல் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், நீலத் தலை வைத்த பழைய விஜிஏ கேபிள் 1987இல் வந்த சங்கதி. அதில் படம் அனலாக் சிக்னலாகப் போகும், எழுத்தின் ஓரம் லேசாகக் கசங்கும். தவிர, காசு கட்டிப் பார்க்கிற ஓடிடி படங்களுக்கு ஹெச்டிசிபி என்று ஒரு பூட்டு உண்டு. விஜிஏ வழியாக அந்தப் பூட்டு திறக்காது, படத்தின் தரத்தைக் குறைத்துத்தான் காட்டும். ஹெச்டிஎம்ஐ கேபிள் பெட்டியிலேயே வருகிறதா என்று கேள், சிலர் விஜிஏ கேபிளை மட்டும் வைத்துவிடுவார்கள். செருகியதும் லேப்டாப்பில் சத்தம் நின்றுபோனால் பயந்துவிடாதே. சத்தமும் ஹெச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்குப் போயிருக்கும், அதில் ஸ்பீக்கர் இருக்காது. சவுண்ட் செட்டிங்ஸில் மறுபடியும் லேப்டாப் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடு.

யூடியூப் வீடியோ மங்கலாகத் தெரிந்தாலும் முதலில் பல்சக்கரப் பொத்தானை அழுத்தி என்ன தரத்தில் ஓடுகிறது என்று பார். டவர் குறைந்தால் அதுவே 480க்கு இறங்கிவிடும். வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்தால் உண்மையில் எத்தனை புள்ளிகள் வருகின்றன என்பதே எண்ணாகத் தெரியும். மானிட்டரை மாற்றச் சொல்லி வருகிறவர்கள் பலருக்கு நான் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

பழைய மானிட்டர் வாங்கலாமா? சென்னை ரிச்சி தெருவில் கம்பெனிகள் கழித்துவிட்ட மானிட்டர்கள் குவிந்து கிடக்கும். அவற்றில் நல்ல ஐபிஎஸ் திரைகளும் உண்டு, விலையும் பாதிக்குக் கீழ். பழக்கப்பட்டவர் கூட வந்தால் வாங்கலாம். உனக்கு முதல் மானிட்டர், ரிப்பேர் என்றால் மலையிலிருந்து இறங்கி வர வேண்டும். புதிதாக, மூன்று வருஷ வாரண்டியோடு வாங்கு. பின்பக்க ஸ்டிக்கரில் பிஐஎஸ் குறியும் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 18 சதவீத ஜிஎஸ்டி போட்ட பில் வாங்காமல் பெட்டியைத் தூக்காதே. பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்பார்கள், வாரண்டி அங்கேயே போச்சு.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பெட்டியைப் பிரிக்கச் சொல். முழு வெள்ளை, முழு கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒற்றை நிறப் படங்களைத் திரை முழுக்கப் போட்டு, செத்த புள்ளி எதுவும் இருக்கிறதா என்று ஓரம் ஓரமாகப் பார். பலர் இதற்குச் சங்கடப்படுவார்கள். ஊருக்குள் இருப்பவர் மறுநாள் வந்து மாற்றிக்கொள்ளலாம். நீ கச்சிராயபாளையம் தாண்டி, பரிகம் தாண்டி, அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்விட்டால் மறுபடி ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். பெட்டியை நிமிர்த்தியே வைத்துக் கொண்டு போ. படுக்கப் போட்டு அதன் மேல் யாராவது அரிசி மூட்டையை வைத்துவிட்டால் உள்ளே கண்ணாடி கீறிவிடும், வெளியே தெரியாது. கண்டக்டரிடம் சொல்லி முன்பக்கமாக வைத்துக்கொள்.

வீட்டில் வைக்கிற இடத்தைப் பற்றி. லோ வோல்டேஜுக்குப் பயப்பட வேண்டாம், இப்போதைய மானிட்டர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், ஸ்டெபிலைசர் தேவையில்லை. பயப்பட வேண்டியது இடிக்கு. கல்வராயன் பக்கம் கோடை மழை இடியோடுதான் இறங்கும். வானம் கறுத்ததுமே பிளக்கைப் பிடுங்கிவிடு, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. திரையின் உலோகப் பகுதியில் கை பட்டால் சுரீர் என்று கடித்தால் வீட்டில் எர்த் சரியில்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்யாமல் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகவோ பிடுங்கவோ கூடாது, துளையே கருகிவிடும். 22 இன்ச் மானிட்டர் 20 வாட் அளவுக்குத்தான் இழுக்கும். சாதாரண 600 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்கிக்கொண்டால் கரண்ட் போனதும் சேவ் செய்துவிட்டு எழுந்திருக்க நேரம் கிடைக்கும். நான் மிச்சம் பிடிக்கச் சொன்ன பணத்தில் முதல் செலவு இது. அடுத்தது லேப்டாப்புக்கு ஒரு எஸ்எஸ்டி. அதற்கும் மேல் இருந்தால் ராம் கூட்டிக்கொள். எடிட்டிங் வேகமாவது இவற்றால்தான்.

மழைக்காலத்தில் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் திரையை மட்டும் எரியவிட்டு வேலை செய்யாதே. பொடிப் பூச்சிகள் வெளிச்சத்துக்கு வந்து, ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே புகுந்து, பேனலுக்கும் பின்விளக்குக்கும் நடுவில் ஊரும். மேலே விரலை வைத்து அழுத்தினால் அங்கேயே நசுங்கி, என்றைக்கும் போகாத கறுப்புப் புள்ளியாகிவிடும். திரையை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வேறு விளக்கைப் போடு, பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும். திரையைத் துடைக்க ஈரம் தொட்டுப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணி போதும். விபூதித் தட்டு துடைக்கிற துணியால் துடைக்காதே, சாம்பல் துகள் கீறிவிடும்.

எடிட் முடித்த வீடியோவை மானிட்டரில் பார்த்துத் திருப்திப்பட்டு ஏற்றிவிடாதே. அப்பாவின் பழைய போனிலும் ஒரு தடவை ஓட்டிப் பார். உன் வீடியோவை ஊரில் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் அந்த மாதிரி போனில்தான் பார்ப்பார்கள். சப்டைட்டில் எழுத்து அங்கே படிக்க முடிகிறதா, இருட்டு வீட்டுக்குள் எடுத்த பாட்டியின் முகம் அங்கே தெரிகிறதா என்று பார்த்துத் திருத்து.

நான் சொன்ன நான்கும் உள்ள மாடல் எதுவென்று கடையில் கேட்டு, மாடல் எண்ணை எழுத்து விடாமல் முழுசாக அனுப்பு. கடைசி எழுத்து ஒன்று மாறினாலும் உள்ளே பேனல் வேறாக இருக்கும். நான் பார்த்துச் சொன்ன பிறகு பணம் கட்டு. வெள்ளிக்கிழமை நான் என் கடையில்தான் இருப்பேன், காலை பஸ்ஸுக்கே வந்தால் சேர்ந்து போய்ப் பார்த்துவிடலாம். லேப்டாப், அதன் சார்ஜர், பென்டிரைவ் மூன்றையும் மறக்காதே. அம்மாவிடம் தேன் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் சித்தப்பா